அண்ணன் சொன்னது சரிதானா? சக் மெக்கில், ஜிம்மி மெக்கில்: ஒரு பஞ்சாயத்து

(எச்சரிக்கை: ‘பெட்டர் கால் சால்’ இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கதை மொத்தமும் கீழே உடைக்கப்பட்டிருக்கிறது. பார்த்துவிட்டு வந்து சண்டை போடவும்.)

‘பிரேக்கிங் பேட்’ தொடரில் வரும் வில்லங்கமான வக்கீல் சால் குட்மேன் எல்லோருக்கும் தெரியும். கலர் கலராய் சட்டை, டிவி விளம்பரம், எந்தக் கேஸுக்கும் ஒரு குறுக்கு வழி. அந்த ஆள் எப்படி அந்த ஆள் ஆனான் என்று சொல்லத்தான் வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கோல்டும் இன்னொரு தொடரை உருவாக்கினார்கள். 2015 பிப்ரவரியில் தொடங்கி 2022 ஆகஸ்ட்டில் முடிந்தது. ஆறு சீசன், 63 எபிசோடு. பேர் என்னவோ சால் என்று இருந்தாலும், முதல் மூன்று சீசன்களில் நிஜமான கதை இரண்டு அண்ணன் தம்பிகளுடையது. மூத்தவர் சக் மெக்கில் (மைக்கேல் மெக்கீன்), இளையவன் ஜிம்மி மெக்கில் (பாப் ஓடன்கிர்க்). பின்னாளில் சால் குட்மேன் ஆகப் போவது இந்த ஜிம்மிதான்.

பார்த்து முடித்தவர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். இரண்டு பேரில் யார் யோக்கியன்? ‘சக் சொன்னதெல்லாம் சரியாகத்தானே நடந்தது’ என்று ஒரு கட்சி. ‘சக்தான் அவனைக் கெடுத்தார்’ என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியுமே பாதி வழியில் நின்றுவிடுகிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். மேலே பாருங்கள், மூத்தவர் ‘அவர்’ ஆகிவிட்டார், இளையவன் ‘அவன்’ ஆகிவிட்டான். யோசித்து எழுதியதில்லை, கை தானாக அப்படிப் போகிறது. இங்கிலீஷில் இரண்டு பேருக்கும் ஒரே ‘ஹீ’தான். ஆனாலும் அந்த ஊரிலும் எல்லோர் மனதிலும் இந்த ‘அவர், அவன்’ வித்தியாசம் இருந்தது. சக் மனதில் ரொம்பவே இருந்தது. கதையே அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

சக்கின் தரப்பை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவரைத் திட்டுவது ரொம்ப சுலபம். நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகர்க்கியில் ஹாம்லின், ஹாம்லின் அண்ட் மெக்கில் என்ற பெரிய சட்ட நிறுவனத்தின் பங்குதாரர். சட்டம் அவருக்குப் பிழைப்பு இல்லை, கிட்டத்தட்ட பக்தி. மின்சாரம் பக்கத்தில் வந்தாலே உடம்பு எரிகிறது என்று ஒரு வியாதி. வீட்டில் கரண்ட் கிடையாது, ராந்தல் விளக்குதான். வருபவர்கள் செல்போனை வெளியே தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வியாதி மனசில்தான் இருக்கிறது, ஆனால் வலி அவருக்கு நிஜம்.

முதல் சீசனில் ஒரு காட்சி. தம்பியைப் பற்றி ஏதோ செய்தி வந்திருக்கிறது, தம்பியோ அந்தப் பேப்பரை மட்டும் கொண்டுவரவில்லை. சந்தேகம் தாங்காமல் சக், பளபளக்கும் போர்வையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு வெயிலில் தெருவைக் கடந்து ஓடி, எதிர் வீட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு வருகிறார். எடுத்த இடத்தில் ஐந்து டாலர் நோட்டை வைத்துவிட்டு வருகிறார்! உயிர் போகிற வேதனையிலும் அடுத்தவன் பொருளுக்கு விலை கொடுக்கிற மனுஷன். அதே பேப்பருக்காக எதிர் வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட, அவர்கள் வந்து சக் மேல் டேஸரால் மின்சாரம் பாய்ச்சியது வேறு கதை.

தம்பி எப்படிப்பட்டவன்? சிகாகோ பக்கத்து சிசரோவில் ‘வழுக்கி விழும் ஜிம்மி’ என்று பட்டப்பெயர். ஐஸில் வேண்டுமென்றே வழுக்கி விழுந்து, கடைக்காரர்களிடம் காசு கறப்பது தொழில். ஒரு நாள் குடிபோதையில் ஒருத்தன் காரின் கூரைத் திறப்பு வழியாகச் செய்யக்கூடாத அசிங்கத்தைச் செய்து வைத்தான். உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். பாலியல் குற்றவாளி என்று பட்டியலில் பேர் ஏறிவிடும் அளவுக்குப் போனபோது சக்தான் ஆல்புகர்க்கியிலிருந்து வந்து மீட்டார். கூட்டிக்கொண்டு போய்த் தன் அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலையும் போட்டுக் கொடுத்தார். இதை ஜிம்மி கட்சிக்காரர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் கதை திரும்புகிறது. தபால் வண்டி தள்ளிக்கொண்டே ஜிம்மி, அமெரிக்கன் சமோவா பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் சட்டம் படித்து, பார் தேர்வும் பாஸ் பண்ணிவிட்டான். அண்ணனிடம் சொல்லாமல் ரகசியமாகப் படித்தது, அண்ணன் அசந்துபோக வேண்டும் என்பதற்காக. சக் வாழ்த்தினார். ஆனால் நிறுவனத்தில் வக்கீலாகச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று இன்னொரு பங்குதாரரான ஹோவர்ட் ஹாம்லின் வந்து சொன்னான். வருடக்கணக்கில் ஜிம்மிக்கு எதிரி ஹோவர்ட்தான். அண்ணனுக்கோ தினமும் ஐஸ், சாமான், பேப்பர் எல்லாம் அவன்தான் கொண்டுவருகிறான். அழகு நிலையத்தின் பின்னால் ஒரு பொந்தில் படுத்துக்கொண்டு, கையில் காசில்லாமல் இருக்கும்போதே, அண்ணனுக்கென்று நிறுவனம் கொடுத்த 26,000 டாலர் செக்கைக் கிழித்துப் போடுகிறான். ‘அண்ணனுக்குச் சேர வேண்டியதை முழுசாகக் கொடுங்கள், பிச்சை போடாதீர்கள்’ என்ற ரோஷம்.

முதல் சீசன் கடைசியில் சாண்ட்பைப்பர் என்ற முதியோர் இல்லம் கிழவர்களிடம் கூடுதல் கட்டணம் பிடுங்குவதை ஜிம்மி கண்டுபிடிக்கிறான். குப்பைத் தொட்டிக்குள் இறங்கி, துண்டு துண்டாய் கிழித்த காகிதங்களைப் பொறுக்கி எடுத்து, அண்ணனும் தம்பியும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். சக் முகத்தில் பழைய உற்சாகம். தொடரிலேயே இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்த நாட்கள் இவைதான். கேஸ் பெரிதானதும் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டி வருகிறது. கேஸை எடுத்துக்கொண்ட ஹோவர்ட், ஜிம்மிக்கு மட்டும் இடமில்லை என்கிறான். அப்புறம்தான் ஜிம்மிக்குப் பொறி தட்டுகிறது. தபால் பெட்டியில் போட்ட தன் செல்போனில் சார்ஜ் இறங்கியிருந்தது எப்படி? ராத்திரியில் யாரோ பேசியிருக்கிறார்கள். மின்சாரத்தைத் தொடவே முடியாத சக், தம்பியின் போனைக் கையில் எடுத்து ஹோவர்டைக் கூப்பிட்டு, ‘அவனைச் சேர்க்காதே’ என்று சொல்லியிருக்கிறார். இந்த முறை மட்டுமில்லை. முதலிலிருந்தே.

பிடிபட்டதும் சக் சொல்லும் நியாயம்: நீ நிஜமான வக்கீல் இல்லை. நான் உயிரைக் கொடுத்துப் படித்ததை நீ தபாலில் வாங்கினாய். உன் கையில் சட்டம் கிடைப்பது குரங்கு கையில் துப்பாக்கி கிடைப்பது மாதிரி.

இங்கே சக்கை எடைபோட வேண்டியது அவர் கருத்தை வைத்து அல்ல. தம்பியைப் பற்றி அப்படி ஒரு கருத்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு, காரணமும் உண்டு. ‘உன்னை என் ஆபீஸில் சேர்க்க எனக்கு மனசில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அது கடுமை, ஆனால் நேர்மை. அவர் அதைச் செய்யவில்லை. ஹோவர்டை முகமூடியாக மாட்டிக்கொண்டார். தம்பி கொண்டுவரும் ஐஸையும் சாமானையும் தினமும் வாங்கிக்கொண்டே இதைச் செய்தார். எதிர் வீட்டுப் பேப்பருக்கு ஐந்து டாலர் வைத்தவர், தம்பியின் அத்தனை வருட உழைப்புக்கு ஒரு உண்மையைக்கூட வைக்கவில்லை.

சக் பொய்யே சொல்லாதவர் என்று நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. ஒன்று, முன்னாள் மனைவி ரெபெக்கா சாப்பிட வரும் ராத்திரி. வியாதியை மறைக்க, மின்சார கம்பெனிக்காரர்கள் தவறுதலாக இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு கதை விடுகிறார். ஜிம்மியும் கூடவே சேர்ந்து நடிக்கிறான். அப்புறம் ‘அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு’ என்று கெஞ்சுவது யார்? அயோக்கியன் ஜிம்மிதான். கூடாது என்பது யோக்கியர் சக்.

இரண்டாவது காட்சி இதைவிட மோசம். அம்மா ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள். அண்ணனும் தம்பியும் ராத்திரி பகலாகக் காவல். ஜிம்மி சாண்ட்விச் வாங்கி வரப் போகிறான். அந்த நேரம் பார்த்து அம்மா கண் திறக்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் மூத்த மகனைப் பார்த்து ‘ஜிம்மி’ என்று கூப்பிட்டபடியே போய்விடுகிறாள். திரும்பி வந்த தம்பி, ‘ஏதாவது சொன்னாளா?’ என்று கேட்கிறான். இல்லை என்கிறார் சக். ஒரே ஒரு சொல். அது யாருக்கு உரியதோ அவனுக்குக் கொடுக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்பாவின் கடைக் கல்லாவிலிருந்து ஜிம்மி கொஞ்சம் கொஞ்சமாக 14,000 டாலர் திருடினான், அதில்தான் கடை மூழ்கியது என்பது சக் காலமெல்லாம் சொல்லும் குற்றச்சாட்டு. (அப்பா யார் அழுதாலும் பணம் எடுத்துக் கொடுக்கிற ஏமாளி என்பதையும் தொடர் காட்டுகிறது. கணக்கு முழுசாக யார் தலையில் என்று சொல்வது கஷ்டம்.) அந்த 14,000-ஐயும் இந்த ஒரு சொல்லையும் தராசில் வைத்தால் எது கனமாக இருக்கும் என்பது அவரவர் அம்மாவைப் பொறுத்தது.

பைபிளில் ஊதாரி மகன் கதை வரும். சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வரும் தம்பிக்கு அப்பா விருந்து வைக்கிறார். வயலிலிருந்து வரும் அண்ணன் உள்ளே வர மாட்டேன் என்று வெளியே நிற்கிறான். ஒழுங்காக இருந்த எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூட அடிக்கவில்லையே என்பது அவன் ஆதங்கம். கடைசியில் உள்ளே போனானா இல்லையா என்று கதை சொல்லவே இல்லை. சக் அந்த வாசலிலேயே நின்றுவிட்ட அண்ணன். ஜிம்மி ஒரு ஜோக் சொன்னால் ரெபெக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அதே பாணியில் படுக்கையில் சக் ஒன்று சொல்லிப் பார்ப்பார், எடுபடாது. சட்டத்தைப் பற்றிய அவர் கவலை நிஜம்தான், ஆனால் அதற்குள் இந்த வயிற்றெரிச்சலும் கலந்து கிடக்கிறது. எது எவ்வளவு என்று அவராலேயே பிரிக்க முடியாது.

சரி, இப்போது தம்பியை நிறுத்துவோம். சக் செய்த துரோகம் வெளியே வருவதற்கு முன்பே, கதை தொடங்கும் 2002-லேயே, ஸ்கேட்போர்டு பையன்களை வைத்துக் கார் முன்னால் விழ வைக்கும் திட்டம் போட்டவன் இவன். விளம்பரப் பலகையில் தொங்கும் ஆளைக் காப்பாற்றுவதாக நாடகம் போட்டவன். (சக் தேடி ஓடியது அந்தச் செய்தியைத்தான்!) ஆகவே ‘அண்ணன்தான் கெடுத்தார்’ என்ற வாதம் முழுசாக நிற்காது. ஆனால் தபால் பிரிவில் இருந்த அத்தனை வருடங்களும் அவன் ஒழுங்காக இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அவனால் முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி. பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் சீசனில் கிம் வெக்ஸ்லர் உழைத்துப் பிடித்த மேசா வெர்டே வங்கியைச் சக் தன் நிறுவனத்துக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறார். ஜிம்மி என்ன செய்தான்? அண்ணன் நோயாகப் படுத்திருக்கும்போது அவர் கோப்புகளை எடுத்துப்போய், ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, முகவரியில் 1216 என்பதை 1261 ஆக மாற்றி வைக்கிறான். விசாரணையில் எல்லோர் முன்னாலும் சக் தலைகுனிகிறார். ‘நான் தப்பு செய்யவில்லை, இது அவன் வேலை’ என்று அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. யாரும் நம்பவில்லை. புத்தி ஒன்றே சொத்தாக வாழும் மனுஷனை, தன் புத்தியையே சந்தேகப்பட வைப்பது சின்னப் பாவமில்லை. காதலிக்காகச் செய்தான் என்பது காரணம்தான், சமாதானம் ஆகாது.

அடுத்து வரும் காட்சியில்தான் இரண்டு பேரும் தெளிவாகத் தெரிகிறார்கள். சக் அந்த ஜெராக்ஸ் கடைக்கே வந்துவிடுகிறார். மெஷின்களின் மின்சாரம் தாங்காமல் மயங்கி, மேஜையில் தலை மோதி விழுகிறார். ஜிம்மி வெளியே இருட்டில் ஒளிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைப் பையனுக்குப் பணம் கொடுத்து வாயை அடைத்தாயிற்று. உள்ளே போனால் மாட்டிக்கொள்வான், போகாவிட்டால் தப்பித்தான். கொஞ்ச நேரம் தவிக்கிறான். பிறகு உள்ளே ஓடுகிறான்.

இதற்குச் சக் கொடுத்த பதில் என்ன? வீட்டுச் சுவரெல்லாம் பளபளக்கும் போர்வையை ஒட்டி, புத்தி பேதலித்துவிட்டது, தொழிலை விடுகிறேன் என்று ஒரு நாடகம். பதறிப்போன தம்பி, அண்ணன் தேற வேண்டுமே என்று, ‘நம்பரை மாற்றியது நான்தான், உன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது’ என்று ஒத்துக்கொள்கிறான். போர்வைக்கு அடியில் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிராளியின் பலவீனம் எது என்று தெரிந்து, அதற்கேற்ப நடித்து, காரியத்தைச் சாதிப்பது... இதற்குச் சிசரோவில் ஒரு பேர் உண்டு. வழுக்கி விழுவது! அண்ணன் வழுக்கி விழுந்தார், தம்பி இளகினான். தம்பியின் கெட்ட குணத்தைப் பிடிக்க அவர் பயன்படுத்திய தூண்டில், தம்பியின் நல்ல குணம். அதனால்தான் அந்த டேப்பில் இருப்பது உண்மையான வாக்குமூலம் என்று தெரிந்தும் கேட்கக் கூசுகிறது.

இந்த இடத்தில் கதை நின்றிருந்தால் தீர்ப்பு சுலபம். மூன்றாம் சீசனில் ஜிம்மி அதையும் கெடுத்துக்கொண்டான். டேப்பை உடைக்கக் கதவை உடைத்துப் போய் மாட்டி, பார் கவுன்சில் விசாரணை வருகிறது. சக்கின் சட்டைப் பையில் அவருக்கே தெரியாமல் ஒரு செல்போன் பேட்டரி. ஒன்றே முக்கால் மணி நேரமாக அது அங்கேயே இருந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. அதோடு, எந்த ரெபெக்காவிடம் வியாதியை மறைத்தாரோ அவளையே வரவழைத்து எதிரே உட்கார வைத்திருக்கிறான். சக் வெடித்து, பல வருடக் கசப்பையெல்லாம் கொட்டித் தீர்க்கிறார். கொட்டி முடித்து, அறையில் இருப்பவர்களின் முகங்களைப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்காகவே மைக்கேல் மெக்கீனுக்கு ஏதாவது பட்டம் கொடுக்கலாம். அது தற்காப்பு என்று வாதாடலாம். அடுத்தது அப்படி இல்லை. தன் இன்சூரன்ஸ் பணம் திரும்பக் கிடைக்கவில்லை என்றதும், அதே அலுவலகத்தில் உட்கார்ந்து, அழுவது போல் நடித்து, அண்ணனின் மனநிலையைப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறான். இதில் அவனுக்கு ஒரு பைசா லாபமில்லை. வலிக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் தொடர்ச்சியாக நிறுவனம் சக்கை வெளியே அனுப்பியது. சக் தனி வீட்டில், சுவர்களைப் பெயர்த்து மின்சாரத்தைத் தேடித் தேடி, கடைசியில் ராந்தலைக் காலால் உதைத்துத் தள்ளித் தீயில் போனார்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் ஜிம்மி வருத்தம் தெரிவிக்க வந்திருந்தான். வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம், நீ மறுபடி இதையேதான் செய்வாய் என்றார் சக். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: நீ எனக்கு எப்போதுமே பெரிசாக ஒன்றுமில்லை. இதுவும் பொய். தம்பி அவருக்கு ஒன்றுமே இல்லையென்றால் மூன்று சீசன் எதற்கு?

சக் செத்த பிறகு ஹோவர்ட் வந்து, ‘நான் வெளியே தள்ளியதால்தான் போய்விட்டார்’ என்று குமைகிறான். இன்சூரன்ஸ் விஷயத்தைத் தொடங்கி வைத்தது யார் என்று ஜிம்மிக்குத் தெரியும். ‘அது உன் சுமை, நீயே சுமந்துகொள்’ என்கிற மாதிரி சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டு மீனுக்குத் தீனி போடப் போகிறான். ஜெராக்ஸ் கடைக்குள் ஓடினவன்தானா இவன் என்று இருக்கிறது. சால் குட்மேன் பிறந்தது பேர் மாற்றின அன்றைக்கு இல்லை, இந்தச் சமையலறையில்தான். சாண்ட்பைப்பர் கேஸில் ஐரீன் என்ற பாட்டியை அவள் சிநேகிதிகளிடமிருந்து பிரித்தபோதுகூட, பிறகு தன் பேரையே கெடுத்துக்கொண்டு அவர்களைச் சேர்த்து வைத்தான். ஹோவர்டுக்கு அதைக்கூடச் செய்யவில்லை. இரண்டு அண்ணன் தம்பிகளும் மாறி மாறி முகமூடியாகவும் சுமைதாங்கியாகவும் பயன்படுத்திக்கொண்ட ஆள் அவன்தான். ரசிகர்களும் முதல் சீசன் முழுக்க அவனைத்தான் திட்டினார்கள்.

ஆக, குற்றப் பட்டியலின் நீளத்தில் ஜிம்மி ஜெயிக்கிறான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம். தன் தப்பு தப்பு என்று ஜிம்மிக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்கிறான், அதனால் திரும்பி வர ஒரு வழி மிச்சம் இருக்கிறது. சக் தன் தப்பையெல்லாம் சட்டத்தின் பேரில் செய்கிறார், அதனால் அவை அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. 2022-இல் வந்த கடைசி எபிசோடில், ஏழெட்டு வருடத்தோடு முடிந்திருக்க வேண்டிய தண்டனையை ஜிம்மி தன் வாயாலேயே 86 வருடமாக ஆக்கிக்கொள்கிறான். வால்டர் ஒயிட்டோடு சேர்ந்து செய்ததையெல்லாம் ஒத்துக்கொள்கிறான். அந்தக் கேஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றையும் சொல்கிறான்: அண்ணனின் இன்சூரன்ஸ். யாரும் கேட்கவில்லை. அது சட்டப்படி குற்றமும் இல்லை. சொல்லிவிட்டு, இனிமேல் தன்னை ஜேம்ஸ் மெக்கில் என்று கூப்பிடச் சொல்கிறான்.

அதே எபிசோடில் பழைய நாள் ஒன்று வருகிறது. ராந்தல் வெளிச்சத்தில் ஜிம்மி வழக்கம்போல ஐஸும் சாமானும் கொண்டுவந்து அடுக்குகிறான். ‘கொஞ்சம் இரேன், உன் கேஸ்களைப் பற்றிப் பேசலாம்’ என்கிறார் சக். எதற்கு, குறை சொல்லவா என்று தம்பிக்குச் சந்தேகம். போகிற பாதை பிடிக்கவில்லை என்றால் திரும்பி வருவதில் வெட்கமில்லை என்கிறார் அண்ணன். நீ எப்போதாவது திரும்பியிருக்கிறாயா என்று கேட்கிறான் தம்பி. எப்போதும் இதே பேச்சில்தான் வந்து முடிகிறது என்று சலித்துக்கொள்கிறார். ஜிம்மி கிளம்பிவிடுகிறான். சக் விளக்கைத் தூக்கிக்கொண்டு, படித்துக்கொண்டிருந்த புத்தகத்தோடு உள்ளே போகிறார். எச்.ஜி. வெல்ஸ் எழுதிய ‘தி டைம் மெஷின்’.